கம்பித் தடுப்பின் மேல் இன்ஹேலர்

மூடுபனி விலகி, தேசியப் பூங்காவின் மலைச்சரிவு முழுவதும் வெயில் விழுகிறது. கீழே புல்வெளியில் மான்கூட்டம் மேய்கிறது. அதைப் பார்க்கத்தான் வந்தோம்; இப்போது பார்க்க ஆளில்லை. பள்ளத்தை ஒட்டிய கம்பித் தடுப்பின் மேல் ஒரு குரங்கு, அக்கா மூடியைத் திறந்ததுமே கார் ஜன்னல் வழியே அவளிடமிருந்து பறித்த நீல இன்ஹேலருடன் உட்கார்ந்திருக்கிறது. அவளுடைய இன்னொரு இன்ஹேலர் அடிவாரத்து விடுதியில் கிடக்கிறது. ஏற்றிவிட்ட கண்ணாடிக்குப் பின்னால் அக்காவுக்கு மூச்சு இழுக்கிறது. தோள்கள் ஏறி இறங்குகின்றன. அத்தான் வாழைப்பழத்தை நீட்டியபடி ஓரடி வைக்கிறார்.

"கிட்டப் போகாதீங்க சார், பள்ளத்துல போட்டுரும்" என்கிறார் வனக்காவலர்.

"அதுக்கு? கெஞ்சிக்கிட்டே நிக்கணுமா?"

"வேற என்ன சார் பண்றது?"

யாரோ சிரித்துக்கொண்டே படம் பிடிக்கிறார்கள். அத்தான் குரங்கிடம், "ராஜா, குடுத்துரு ராஜா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்கிறார். வேறு நேரமாக இருந்தால் அக்காவே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். குரங்கு இன்ஹேலரை முகர்ந்து பார்த்துவிட்டுக் கடிக்கிறது. புஸ்ஸென்று ஒரு வெண்புகை கிளம்பிக் காற்றில் கரைகிறது. துள்ளி விலகிய குரங்கு, வேடிக்கை பிடித்துப்போய், மறுபடி மறுபடி கடிக்கிறது. காருக்குள் அக்கா, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, வாயைத் திறந்தபடி, தன் மூச்சு காற்றோடு போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.