எந்தெந்த நாள்

டாக்டர் அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு நாற்காலிக்கு வரும்வரை அவள் மூச்சை முழுதாக விடவில்லை.

கெட்ட சேதி சொல்லப்போகிறவர்கள் மெதுவாகத்தான் கை துடைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. இவரும் மெதுவாகத்தான் துடைத்தார்.

“கட்டி எதுவும் தட்டுப்படல. வலி எப்பல்லாம் வருது?”

எப்பவும்தான், சில நாள் தொட்டாலே ஆகல என்றாள்.

நான்கு மாதமாக இரண்டு மார்பும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனத்தன. ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. மடித்த படுக்கை விரிப்புகளை நெஞ்சோடு அணைத்து அலமாரிக்குக் கொண்டுபோனவள், இப்போது இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். பிள்ளையைத் தூக்கிவைத்திருப்பதுபோல இருக்கிறதே என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

கைப்பேசியில் தேடினாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடைசியில் அந்த ஒரே வார்த்தையில் போய் முட்டியது.

அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கோளாறு என்று காதில் விழுந்தால் போதும், கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அதனால் அவனிடம் ஒன்றும் சொல்லாமல், மகளுக்குத் தலை பின்ன மட்டும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தாள். எதற்குத் திடீரென்று என்று அவன் கேட்டான். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

ஏழு வயது மகளைத் தானாகக் குளிக்கவும் பழக்கிவிட்டாள். கட்டிக்கொள்ள ஓடிவந்தால், தொடாதே என்று விலக்கினாள்.

டாக்டர் அம்மா மாதவிலக்குத் தேதிகளைக் கேட்டார். அவற்றைத் தடுமாறாமல் சொன்னாள். அந்த முதல் நாளில் மட்டும் அவள் இஸ்திரி மேடையை விட்டு, உட்கார்ந்து பார்க்கிற வேலையைக் கேட்டு வாங்குவது வழக்கம். நான்கு தேதிகள் தாளில் ஏறின.

“தொட்டாலே ஆகலன்னு சொன்னீங்களே, அது எந்தெந்த நாள்?”

அது அவளுக்குத் தெரியவில்லை. வலித்த நாளில் வலிக்குப் பயந்தாள். வலிக்காத நாளில் அது எப்போது வருமோ என்று பயந்தாள். யோசித்துப் பார்த்தால் எல்லா நாளும் ஒரே நாளாகத்தான் இருந்தது.

டாக்டர் அம்மா கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்து, வலிக்கிற நாளையெல்லாம் இரண்டு மாதம் இதில் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்.

இரண்டு மாதம். அதுவரை இந்தப் பயத்தோடுதான் இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கூட்டிக்கொண்டு வந்திருந்த மகள், திரைக்கு அந்தப்பக்கம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து அவள் குரல் கேட்டது.

“அம்மா தொடாதேன்னு சொன்ன நாளா? நான் குறிச்சு வெச்சிருக்கேன்.”

பையைத் திறந்து பள்ளி நாட்குறிப்பை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். தேதிகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் பெருக்கல் குறிகள்.

டாக்டர் அம்மா கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு, தாளில் இருந்த தேதிகளையும் குறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு மாதமும் விலக்குக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் குறிகள் தொடங்கின. விலக்கு வந்த மறுநாளே நின்றுபோயின. நான்கு மாதமும் அப்படியேதான்.

அவர் முகம் தெளிந்தது.

விலக்குக்கு முன்னால் உடம்பில் ஹார்மோன்கள் ஏறி இறங்கும்போது மார்பு வீங்கிக் கனத்து வலிப்பது நிறையப் பெண்களுக்கு உண்டு என்றார். அளவு பார்த்து, நன்றாகத் தாங்குகிற உள்ளாடை போட வேண்டும். தூங்கும்போதும் மெத்தென்று ஒன்று. வெந்நீர் ஒத்தடமோ குளிர்ந்த ஒத்தடமோ எது இதமோ அது. தாங்கமுடியாத நாளில் பாரசிட்டமால் போதும். ஒரே இடத்தில் மட்டும் வலித்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் நீர் கசிந்தாலோ, விலக்கு வந்த பிறகும் வலி நிற்காவிட்டாலோ உடனே வர வேண்டும். மற்றபடி இந்தக் கட்டங்களை நிரப்பிக்கொண்டு வந்தால் போதும்.

“பயந்து பயந்து உடம்பைக் கெடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு என் வேலையில பாதிய முடிச்சுட்டா.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. நான்கு மாதமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் முழுதாக வெளியே வந்தது. மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். மகள் அசையாமல் நின்றாள்.

வெளியே மருந்துக்கான வரிசையில் நின்றபோது, மகளின் நாட்குறிப்பைப் பைக்குள் வைக்கப்போனவள் சும்மா ஒருமுறை திறந்தாள்.

ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் பொடிப்பொடியாக ஏதோ எழுதியிருந்தது. டாக்டர் அம்மா பார்த்தது குறிகளை மட்டும்தான்.

பால் கொட்டிவிட்டேன். சத்தமாகச் சிரித்தேன். கணக்கில் இரண்டு தப்பு. செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தேன்.

பக்கத்தைத் திருப்பினாள். இந்த மாதத்துக் குறிகளுக்குப் பக்கத்தில் ஒரே சொல்தான் வரிசையாக இருந்தது. நேற்றைய தேதியில் மகள் அதை அழித்துவிட்டு, யோசித்துப் பார்த்து, மறுபடியும் அதையே எழுதியிருந்தாள்.

தெரியவில்லை.