கிதியோன் கேட்ட அடையாளம்

"ரூபா, ஓடியா! நேத்து துண்டு நனைஞ்சி, தரை காஞ்சி இருந்துச்சி. இன்னிக்கி தரையெல்லாம் நனைஞ்சி கீது, துண்டு மட்டும் காஞ்சி கீது!"

மொட்டை மாடியில் எபநேசர் கூத்தாடினான். ஊராட்சித் தலைவர் தேர்தலில் இறங்கலாமா என்று ஆண்டவரிடம் அடையாளம் கேட்டிருந்தான். வேதத்தில் கிதியோனும் போருக்குப் போகுமுன் ஆட்டுத்தோலை வைத்து இப்படித்தான் கேட்டானாம். ஆட்டுத்தோல் நாறும் என்பதால், மனைவியின் பூப்போட்ட துண்டே போதுமென்று ஆண்டவர் சார்பாக எபநேசரே முடிவெடுத்துவிட்டான்.

"கிதியோனுக்கு அப்புறம் ஆண்டவர் இவ்ளோ மெனக்கெட்டது உங்களுக்குத்தான்," என்றாள் ரூபாவதி.

"பின்ன? போஸ்டர்ல என் போட்டோவ ஆளுயரத்துக்குப் போடணும். ஓரத்துல உன்து, ஸ்டாம்ப் சைஸ்ல."

"இந்த தபா பதவிய பொம்பளைங்களுக்கு ஒதுக்கிட்டாங்களே. மனுவுல என் பேருதானே எழுதணும்?"

"பேருக்கு நீ நில்லு, கையெழுத்துப் போடு. நாற்காலியில நான் உக்காந்துக்கறேன். எல்லா ஊர்லயும் அப்படித்தான்."

"நாற்காலியில யாருன்னு ஆண்டவர் இன்னும் சொல்லலியே?"

"கேட்டா போச்சு! இன்னிக்கி ராத்திரியும் துண்டப் போடறேன். நனைஞ்சா நான், காஞ்சா நீ."

"சரிங்க."

அவன் படியிறங்கிப் போகும்வரை ரூபாவதி காத்திருந்தாள். பிறகு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த வாளியை எடுத்துக்கொண்டாள். இனி மாடியில் அதற்கு வேலையில்லை.