கடைசி விசில் வரை

தர்மலிங்கம் முதலாளி வறுத்த கச்சான் கடலையை வழக்கம்போல மூன்று கூறாக்கி, சிவராசாவின் பங்கை அவருடைய கைக்குட்டையில் கொட்டினார்.

சிவராசா அதைத் தொடவில்லை.

"என்னங்க கிளாக்கரய்யா, மக வர்ற சந்தோசத்துலயே வயிறு நெறைஞ்சிருச்சா?"

சிவராசா சிரித்தார். அதே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வரத்தினத்தால் சிரிக்க முடியவில்லை. அவருடைய சட்டைப்பையில் சிவராசாவுக்கு வந்த தந்தி இருந்தது.

பதுளை மைதானத்தில் தோட்டத் துரைமாரின் அணிக்கும் டவுன் அணிக்கும் ஹொக்கி ஆட்டம். தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பலகையில் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய சுழியம்.

தந்தி மூன்று மணிக்குச் செல்வரத்தினத்தின் தபால் கந்தோருக்கு வந்தது. கருவி தட்டத் தட்ட அதைக் காதால் கேட்டு எழுதியதும் அவர்தான். 'லீலாதேவி இன்று காலை காலமானாள். உடனே வரவும்.'

லீலா சிவராசாவின் ஒரே பிள்ளை. யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை விடுமுறைக்கு வருவதாக இருந்தது. போன கிழமை காய்ச்சல் என்று எழுதியிருந்தாள். சுகமாகிவிட்டது என்றும் எழுதியிருந்தாள்.

தந்தியில் வீட்டு விலாசம். பியோன் கொண்டு போனால் கதவைத் திறப்பது சிவராசாவின் மனைவி கமலாம்பிகை அக்காவாக இருக்கும். அதனால் செல்வரத்தினமே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டார்.

வந்தும் கொடுக்கவில்லை.

மூவரும் சனிக்கிழமைகளில் சேர்ந்து உட்காரும் அந்த வாங்குக்கு ஒரு சட்டம் இருந்தது. கடைசி விசில் ஊதும்வரை கெட்ட செய்தி சொல்லக்கூடாது.

சட்டம் போட்டவர் தர்மலிங்கம். ஆறு வருடங்களுக்கு முன், ஆட்டத்தின் நடுவில், இதே செல்வரத்தினம்தான் முதலாளியின் சொந்த ஊரான துறையூரிலிருந்து வந்த தந்தியை ஓடிவந்து அவர் கையில் திணித்தார். முதலாளி செருப்பைக்கூட மாட்டாமல் ஸ்டேஷனுக்கு ஓடினார். ரயில் புறப்பட இரண்டு மணி நேரம் இருந்தது. வெறும் மேடையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"வண்டி இல்லாத நேரத்துல எதுக்குங்க சேதியக் குடுத்தீங்க?" என்று திரும்பி வந்தபின் ஒருநாள் கேட்டார். "இன்னும் கொஞ்ச நேரம் எந்தம்பி எனக்கு இருந்திருப்பான்ல."

அன்றிலிருந்து சட்டம்.

மற்றபடி அந்த வாங்கில் எல்லாம் பேசப்படும், ஹொக்கியைத் தவிர. செல்வரத்தினத்துக்கு மஞ்சள் காமாலை வந்தது அங்கேதான் தெரியவந்தது; மறுநாளே முதலாளி வீட்டிலிருந்து கீழாநெல்லி அரைத்து வந்தது. முதலாளியின் மனைவிக்கு வலி எடுத்தபோது ஆஸ்பத்திரியில் விடியும்வரை துணை இருந்தது கமலாம்பிகை.

இரவு ரயிலுக்கு ஆட்டம் முடிந்த பிறகும் நேரம் இருக்கும். செல்வரத்தினம் மூன்று முறை கணக்குப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. ஆனாலும் பை கனத்தது.

சிவராசா அதிகம் பேசாதவர். அன்று நிறுத்தவேயில்லை.

முன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. மேசையை யன்னலோரம் இழுத்துப் போட்டாயிற்று. அவளுக்கு வெளிச்சம் வேண்டும். கமலம் விடியக்காலையிலேயே அரிசிமாவு வறுக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஆறு வயசிலை இந்த வாங்கிலைதான் இருந்தவள். கோல் காக்கிறவரைக் காட்டி, அந்த மாமாவுக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் பந்து குடுக்கினமில்லை எண்டு கேட்டாள். கேட்டுப்போட்டு அழத் தொடங்கிட்டாள்."

முதலாளி குலுங்கிச் சிரித்தார். செல்வரத்தினம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டார். கோல் காப்பவர் தனியாக நின்றார். நமுனுகுலை மலையிலிருந்து இறங்கிய பனி அவருடைய கால் கவசங்களை மறைக்கத் தொடங்கியிருந்தது.

"எத்தினை மணி, தம்பி?"

"நாலே முக்கால், அண்ணை."

சிறிது நேரத்தில் சிவராசா மறுபடியும் கேட்டார். பிறகு மறுபடியும். ஆட்டத்தில் மனம் இல்லை, மகள் வரும் நாளை எண்ணுகிறார் என்று செல்வரத்தினம் நினைத்தார். சனிக்கிழமையில் வீட்டுக்குப் போய் வேட்டி மாற்றிக்கொண்டு வருகிற மனிதர், அன்று கந்தோர்க் கோட்டோடு இருந்ததை அவர் கவனித்தார். காலடியில் சாப்பாட்டுப் பெட்டி இருந்ததையும் கவனித்தார். கச்சேரிக் கந்தோரில் வேலை கூடிவிட்டது போலும்.

விசில் ஊதியது.

ஆட்கள் எழுந்து கலைந்தார்கள். செல்வரத்தினம் எழவில்லை. பைக்குள் கையை விட்டார். கடதாசி விரலில் பட்டது.

சிவராசா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"எடுக்க வேண்டாம், தம்பி. பதினொரு மணிக்கே என்ரை கந்தோருக்குப் போன் வந்திட்டுது."

செல்வரத்தினத்தின் கை பைக்குள்ளேயே நின்றது.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர் அவர். கையிலிருந்த கச்சான் கோதுகளைக் கீழே போடவும் மறந்து நின்றார்.

"விசில் ஊதியாச்சு," என்றார் சிவராசா. "ரெண்டு பேரும் என்னோடை வீட்டை வாருங்கோ. கமலத்துக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. அங்கை லீலா இன்னும் திங்கட்கிழமை வாறாள்."

முதலாளி குனிந்து சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கினார். காலையில் கமலாம்பிகை கட்டிக் கொடுத்த பாரம் அப்படியே இருந்தது.

மூவரும் மைதானத்தின் ஓரமாக நடந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் பலகை நின்றது. ஆட்டம் தொடங்குமுன் எழுதிய இரண்டு சுழியங்களும் அதில் அப்படியே இருந்தன.