பூட்டு நின்ற மேசைகள்

"இன்னைக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடணும்க்கா. நாளைக்குன்னு சொல்லாதீங்க."

பில்லிங் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் இடிச்ச புளி மாதிரி நின்றான் பூட்டு.

கம்பெனியின் மெயில், ஃபைல், காலண்டர் எல்லாம் இணையத்தில் ஒரே இடத்தில் இருந்தன. யாருக்கு எதைத் திறந்துவிடுவது, யாருக்கு எதை மூடுவது என்று பார்த்துக்கொள்வது அவன் வேலை. பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் முதலில் கணக்கைப் பூட்டிவிட்டு, அப்புறம்தான் காரணம் கேட்பான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு அவன் பிடித்துக்கொண்டது சொந்தப் படங்களை. அக்காவின் கைபேசியில் இருந்தது ஆபீஸ் கணக்குதான். எடுக்கிற படமெல்லாம் தானாகவே ஆபீஸ் இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

"மாசக் கடைசிப்பா. பில் எல்லாம் அப்படியே கிடக்கு. அடுத்த வாரம் எடுத்துடறேனே."

"இடம் இல்லை. இது ஆபீஸ், உங்க வீட்டு பீரோ இல்லைக்கா."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது.

அவனே ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து செருகினான். ஒழுங்காக வருகிறதா என்று ஏதாவது ஒன்றைத் திறந்து பார்க்கச் சொன்னான். திறந்தது கணவரின் வீடியோ. தொண்டையில் ஆபரேஷன் நடப்பதற்கு முந்தைய வாரம் எடுத்தது. வாய்ப்பாட்டை வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொல்லி, சின்னவளைத் திருத்தவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் எதையும் எழுதித்தான் காட்டுகிறார். அந்தக் குரல் இந்த வீடியோக்களைத் தவிர வேறெங்கும் இல்லை.

அது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. பதறி நிறுத்தினாள்.

"ஓடுது. மீதியையும் எடுங்க" என்றான் பூட்டு. வேலை முடியும்வரை அவளைச் சாப்பிடக்கூடப் போகவிடவில்லை.

சாயங்காலம்தான் தெரிந்தது, அவள் மட்டும் அகப்படவில்லை என்று. ஸ்டோர்ஸ் அண்ணனைப் பேத்தியின் படங்களோடு மல்லுக்கட்ட விட்டிருந்தான். ஒரே ஒரு பல் முளைத்ததற்கு நூறு படம் எடுத்தது தன் தப்புதான் என்றார் அண்ணன். ரிசப்ஷன் பெண்ணையும் டிஸ்பாட்ச் ஆட்களையும்கூட விடவில்லை. ஆனால் சேல்ஸ் மேனேஜர் தன் கணக்கில் சினிமாவாகவே இறக்கி வைத்திருந்தார். அந்தப் பக்கம் பூட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா தன் கணக்கில் எவ்வளவு நிரம்பியிருந்தது என்று தேடிப் பார்த்தாள். கால்வாசிகூட இல்லை. இடம் இல்லை என்றது பச்சைப் பொய்.

மறுநாள் காலை நேராக ஹெச்.ஆர். மேடத்தின் அறைக்குப் போனாள். பொய் சொன்னதையும், பட்டினி போட்டதையும், புருஷனின் குரலை ஊருக்கே கேட்க வைத்ததையும் கொட்டித் தீர்த்தாள். மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஏனோதானோ என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லார்கிட்டயும் இப்படித்தானா?"

"எங்க மேடம்? பெரிய ஆளுங்க பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கலை. எங்களை மாதிரி இளிச்சவாய்ங்க மேலதான் அவன் அதிகாரமெல்லாம்."

"யார் யார்கிட்ட?"

அக்கா விரல் விட்டுச் சொன்னாள். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை நிதானமாகச் சொல்லச் சொன்னார். நம் பேச்சுக்கும் காது கொடுக்க ஓர் ஆள் இருக்கிறதே என்று அக்காவுக்கு மனசு நிறைந்தது.

மத்தியானம் காவலாளி ஒருவர் பூட்டைக் கேட் வரைக்கும் நடத்திக்கொண்டு போனார். பூட்டையே கழற்றி வெளியே வீசிவிட்டார்கள் என்று ஸ்டோர்ஸ் அண்ணன் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். பிறகு கொஞ்சம் உறுத்தியது. நாலு வார்த்தை திட்டுவார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வேலையே போகும் என்று நினைக்கவில்லை.

திங்கட்கிழமை அவளுடைய பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. ஸ்டோர்ஸ் அண்ணனுடையதும்தான்.

"போற போக்குல எதையோ கெடுத்து வச்சிட்டுப் போயிருக்கான்" என்றார் அண்ணன்.

மீட்டிங் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். ரிசப்ஷன் பெண் இருந்தாள், டிஸ்பாட்ச் ஆட்கள் இருந்தார்கள். ஹெச்.ஆர். மேடம் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். இரண்டு கிளைகளை ஒன்றாக்குகிறார்களாம். இந்த ஹாலில் இருப்பவர்கள் இனித் தேவையில்லையாம். இன்றே கடைசி நாள். கணக்குகளைக் காலையிலேயே மூடிவிட்டார்களாம்.

அன்றைக்குப் பூட்டு வந்து நின்றபோது, லோடு இறக்கணும் என்று நழுவிப் போன டிஸ்பாட்ச்காரர் ஒருவர் எழுந்தார். தன் கணக்கில் அம்மாவின் படங்கள் இருக்கின்றன, அம்மா இப்போது இல்லை, ஒரு தடவை திறந்துவிட்டால் போதும் என்றார்.

"மூடினது மூடினதுதான். உள்ளே இருக்கிறது கம்பெனி சொத்து" என்றார் மேடம்.

டிஸ்பாட்ச்காரர் உட்காரவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் வெளியேறும்வரை காத்திருந்து, மேடத்திடம் போனாள்.

"மேடம், எங்க கணக்கை மூடப் போறது, போன வாரம் அனுப்பினீங்களே, அவருக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூட வேண்டிய ஆளே அவர்தானே. மூச்சுவிடக் கூடாதுன்னு சொல்லித்தான் வச்சிருந்தோம்."

"அப்ப அவரையும் எங்களோட சேர்த்துத்தான் அனுப்பினீங்களா?"

மேடம் காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"சேச்சே, அவர் பேர் இதுல இல்லவே இல்லை. யார் யார் மேசைக்குப் போனார்னு நீங்க வந்து சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."