முக்காலியின் தளர்ந்த கால்

கால் அதிகம் உள்ளவை வேகமாக ஓடும் என்ற பரவலான நம்பிக்கை முற்றிலும் தவறு. கேமராவைத் தாங்கும் முக்காலிக்கு நம்மைவிட ஒரு கால் கூடுதல், ஆனால் ஓடத் தெரியாது.

ராலி கார்ப் பந்தயத்தின் மண்பாதை வளைவில், வெளிவிளிம்பில் நின்றபடி கேமரா குதூகலித்தது. "இங்கேதான் கார் நேரே என் முகத்துக்கு வரும்."

"வந்தால் புகைப்படக்காரர் உன்னைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடிவிடுவார். என்னை?" என்றது முக்காலி.

"சும்மா நில்லுடா, பயந்தாங்கொள்ளி."

முக்காலி ஒரு காலின் திருகை மெல்லத் தளர்த்திக்கொண்டது. அது சாய்வதைக் கண்ட புகைப்படக்காரர், தரை சரியில்லை என்று இரண்டையும் வளைவின் உட்பக்க மேட்டுக்குத் தூக்கிப்போனார்.

முதல் கார் சறுக்கி, அவர்கள் முன்பு நின்றிருந்த இடத்துப் புதரைப் பெயர்த்துக்கொண்டு பாதைக்குத் திரும்பியது.

"கால் எப்படி இருக்கு, அண்ணே?" என்றது கேமரா.

"இப்ப சரியாயிடுச்சு."

கேமரா நிம்மதியாக நீண்ட மூச்சு விட்டது. லென்ஸில் ஆவி படிந்து, அடுத்த காரின் படம் மங்கலாக வந்தது.