பெயர் மாறிய ஊர்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் இராஜதுரையின் சலூன் முழுக்க மத்தியான வெயிலும் பவுடர் வாசமும். மூலைத் தொலைக்காட்சியில் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர் ஒருவர் மேடையேறி, நிற்கிற ஊரை விட்டுவிட்டு நேற்றுப் பேசிய ஊருக்கு வணக்கம் சொல்கிறார். “நிக்கிற ஊர் தெரியாதவனுக்கு நாட்டைக் குடுக்கிறதோ?” என்று இராஜதுரை கத்தரிக்கோலை ஆட்டிச் சிரிக்கிறார். “உங்கட ஆள் போன கிழமை உளறினதை மறந்திட்டியளோ?” என்று முறைக்குக் காத்து வாங்கில் இருக்கும் குணசேகரம் பாய்கிறார். இருவருக்கும் அங்கே வாக்கில்லை. கட்சி மட்டும் இருக்கிறது. வன்னியிலிருந்து வந்த மயூரன், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியபடி, கதிரையில் சிரிக்காமல் இருக்கிறான். தோளில் வெட்டிய மயிர் சிதறிக் கிடக்கிறது. “பாவம் அண்ணை. நாளுக்கொரு ஊராய் ஓடினால் பேர் மாறித்தானே வரும்,” என்கிறான். “அகதி விசாரணையிலை நானும் இடம்பெயர்ந்த ஊருகளை முன்னுக்குப் பின்னாச் சொல்லிப்போட்டன். பொய் எண்டு நிராகரிச்சுப்போட்டாங்கள்.” கத்தரிக்கோல் அவன் காதோரம் அசையாமல் நிற்கிறது. திரையில் வேட்பாளர் நெற்றியில் தட்டிக்கொண்டு, சிரித்தபடி ஊர்ப் பெயரைத் திருத்திச் சொல்கிறார். சனம் எழும்பி நின்று கைதட்டுகிறது.