எதிர்த்தவர் ஒருவர்

நாடாளுமன்ற உறுப்பினரான தம்பி பேச எழுந்து நின்றதும், பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

மாடத்தில் மின்விசிறி ஓடாததும் ஒரு காரணம். சிக்கனமாம். கீழே உறுப்பினர்கள் இருக்கும் இடத்தில் மட்டும் குளிர்காற்று குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தது. நாட்டுக்காக யோசிக்கிற தலைகள் சூடாகலாமா?

போன மாதம் இதே அவையில்தான் நிதி அமைச்சர், எல்லாரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழவேண்டிய காலம் இது என்று தழுதழுத்தார். நூலகங்கள் பாதி மூடப்பட்டன. ஆஸ்பத்திரியில் மருந்து குறைந்தது. பள்ளி வண்டிகளில் குழந்தைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்கிய ஆயாக்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இன்று அதே அமைச்சர், விலைவாசி உறுப்பினர்களின் குடும்பங்களை எப்படி நசுக்குகிறது என்று எடுத்துச் சொன்னார். சம்பளத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும் மசோதா. குரல் இன்றும் தழுதழுத்தது. நல்ல குரல், எதற்கும் பொருந்தியது.

அக்கா அந்த ஆயாக்களில் ஒருத்தி.

அவள் வேலையைப் பறித்த அன்று கை தூக்கியவர்களில் தம்பியும் உண்டு. கட்சி சொன்னால் தூக்கத்தானே வேண்டும்? வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். "விடுடா, நீ மட்டும் என்ன பண்ணுவே" என்று அவள்தான் சமாதானம் சொல்லிச் சாப்பிட வைத்தாள். சொன்னாளே தவிர, மனசு ஆறவில்லை. இவன் நம் வீட்டுப் பிள்ளைதானா, இல்லை கீழே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒருத்தனாகிவிட்டானா என்ற கேள்வி அவளை விடவில்லை.

அதனால்தான் சம்பள மசோதாவை எதிர்த்துப் பேசப்போகிறேன் என்று அவன் வந்து சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரம் சமையலறையில் ஒத்திகை நடந்தது. அவள் பாத்திரம் கழுவினாள், அவன் பேசினான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று அவள்தான் திருத்தினாள். நீ கட்டாயம் வரணும், முன்வரிசையில் உட்காரணும் என்று அவன் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

இப்போது அவன் பேசினான். என்னமாய்ப் பேசினான்!

ஏழைகளின் வயிற்றில் அடித்துவிட்டு நமக்கு உயர்வா என்று கேட்டான். நிதி அமைச்சர் மேசையைப் பார்த்தார். எதிர்வரிசையிலும் பலர் தலைகுனிந்தார்கள். "என் உடன்பிறந்த அக்கா, இதோ மேலே இருக்கிறார்" என்று சொன்ன இடத்தில் அவன் குரல் உடைந்தது. அது ஒத்திகையில் இல்லாதது.

அக்கா பொலபொலவென்று அழுதுவிட்டாள். நம் பிள்ளைதான். சந்தேகமே இல்லை.

அவைத்தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். "ஆம்" என்ற குரலில் கூரை அதிர்ந்தது. "இல்லை" என்று ஒரே ஒரு குரல், தம்பியுடையது. மசோதா நிறைவேறியது. எதிர்த்தவருக்கும் சேர்த்துத்தான் சம்பளம் ஏறும் என்பதை அந்த நேரத்தில் யார் நினைத்தார்கள்?

அக்கா கைக்குட்டையை எடுத்தாள். பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கை அதைத் தடுத்தது. மூத்த உறுப்பினர் ஒருவரின் மனைவி. இந்த மாடம் அவருக்குப் பழகிய இடம், முதுகுக்குத் தலையணைகூடக் கொண்டுவந்திருந்தார்.

"துடைச்சுடாதீங்கம்மா. கேமரா இப்போ இந்தப் பக்கம்தான் திரும்பும்."

அக்காவுக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் நெருங்கி உட்கார்ந்து, புதிதாய் வந்தவருக்கு வழி சொல்வதுபோல் அன்பாகவே சொன்னார்.

"இன்னைக்கு உங்க தம்பி முறை இல்லையா? எல்லாரும் சேர்ந்து ஆமாம்னு சொன்னா வெளியில நல்லாவா இருக்கும்? அதான் ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் எதிர்க்கிறது. போன தடவை எங்க வீட்டுக்காரர். எங்க அம்மாவுக்கு மருந்து கிடைக்கலைன்னு அப்படி அழுதாரு! அம்மா போய்ச் சேர்ந்து அப்பவே பத்து வருஷம். உங்க தம்பி எவ்வளவோ தேவலை, நிஜமான ஆளையே கூட்டிட்டு வந்துட்டாரே."

அக்கா கீழே பார்த்தாள்.

நிதி அமைச்சர் தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தலைகுனிந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்துவிட்டார்கள். தம்பி அவர்களுக்கு நடுவிலிருந்து மேலே அண்ணாந்து அக்காவைத் தேடினான். கண்ணும் கண்ணும் சந்தித்ததும், யாருக்கும் தெரியாமல் ஒரு விரலால் தன் கண்ணுக்குக் கீழே தொட்டு, கன்னத்தில் மெல்ல ஒரு கோடு இழுத்துக் காட்டினான்.

அழு என்கிறான்.

வலித்தது. வேலை போன அன்றுகூட இப்படி வலிக்கவில்லை. அடுத்த நொடி அவளுக்கு அந்த மூத்த உறுப்பினர் நினைவுக்கு வந்தார். செத்துப்போன மாமியாருக்கு மருந்து கேட்டு அழுத அந்த மகானையும், அந்த அழுகைக்கும் இதேபோல் தலைகுனிந்திருக்கும் இத்தனை பெரிய மனிதர்களையும் நினைத்தாள். உள்ளிருந்து ஏதோ பீறிட்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

கேமரா மேலே திரும்பியது.

வேலை போன அக்கா, நாடே பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே தம்பியின் விரல் கன்னத்திலேயே நின்றுவிட்டது.